நிஷ் பெர்ஃப்யூம் தோலில் எப்படி விரிகிறது: மொரீஷியஸ் வெயிலில் சோதித்து வாங்கும் முறை

கடையில் நின்றபடி, அட்டையில் தெளித்த முதல் பத்து நிமிட வாசத்தை நம்பி சென்ட் வாங்குபவர்கள், சீக்கிரம் பறந்துபோகும் பகுதிக்குத்தான் காசு கொடுக்கிறார்கள். எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்று செய்யப்படும் பொது ரகங்களில் இதனால் பெரிய நஷ்டம் வராது. அவை தொடக்கத்தில் காட்டும் முகத்தையே ஏறக்குறைய கடைசிவரை காட்டும். நிஷ் வகை அப்படி இல்லை. சிறிய நிறுவனங்கள், சென்ட் செய்யும் கலைஞரின் போக்குக்கு விட்டு, குறைந்த அளவில் தயாரிக்கும் சரக்கு அது. முதல் பத்து நிமிடத்துக்கும் நான்காவது மணிக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். விலையும் சும்மா இல்லை.

மொரீஷியஸில் இன்னொரு சிக்கல் உண்டு. இங்கே கோடைக்காலமான ஜனவரி மாதப் போர்ட் லூயி வெயிலில் தொடக்க வாசம் அவசரமாக ஓடிவிடும். நாள் முழுக்க உடம்போடு இருக்கப்போவது அடியில் கிடக்கும் வாசம்தான். ஆகவே இந்த வழிகாட்டியின் எல்லாப் படிகளும் ஒரே நோக்கத்துக்காக: நான்காவது மணி நேரத்து வாசத்தை வைத்து வாங்குவது.

தோலில் நடப்பது என்ன?

குப்பியில் பெரும்பங்கு எத்தனால் என்ற ஆல்கஹால். ஓ டி துவாலெட் என்ற இலேசான வகையில் வாசனைப் பொருள் ஏறத்தாழ 5 முதல் 15 சதவீதம், ஓ டி பர்ஃபானில் 15 முதல் 20, எக்ஸ்ட்ரேயில் அதற்கும் மேல். இந்த எல்லைகள் வழக்கம்தான், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். தெளித்த ஓரிரு நிமிடத்தில் எத்தனால் போய்விடும். தோலில் மிஞ்சுவது பல பத்துப் பொருள்கள் கலந்த மெல்லிய எண்ணெய்ப் படலம். அதிலிருந்து ஒவ்வொரு பொருளும் தன் ஆவியழுத்தத்துக்கு, அதாவது ஆவியாகும் போக்குக்கு, ஏற்பக் கிளம்பும். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலில் இருக்கும் லிமோனீன் முந்திக்கொள்ளும். லாவெண்டரிலும் பெர்கமோட் என்ற எலுமிச்சை இனப் பழத்திலும் உள்ள லினலூல் அடுத்தது. ரோஜா, ஜெரேனியம் சார்ந்த பொருள்கள் அதற்குப் பின். வனிலின், கூமரின், பச்சோலி, வெட்டிவேர், மஸ்க் எல்லாம் கடைசிவரை உட்கார்ந்திருக்கும். கனமான பொருள்கள் கலவையில் அதிகம் இருந்தால் இலேசானவையும் தனியாக இருந்தால் பறப்பதைவிட மெதுவாகவே பறக்கும். ஒரே எலுமிச்சை எண்ணெய் இலேசான ஒரு கொலோனில் பத்து நிமிடத்தில் காணாமல் போவதும், பிசின் நிறைந்த சென்டில் அரை மணி நிற்பதும் இதனால்தான்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் இலாங் இலாங் பூ வடிக்கும் முறையைப் பாருங்கள். மனோரஞ்சிதத்தின் உறவுப் பூ இது. நம் அண்டைத் தீவுகளான கொமொரோவில், குறிப்பாக அஞ்சுவானில், இதை மணிக்கணக்கில் ஆவியில் வடிக்கிறார்கள். முதலில் வரும் எண்ணெயை ‘எக்ஸ்ட்ரா’ என்று தனியே எடுத்துவைப்பார்கள். பிறகு முதல் ரகம், இரண்டாம் ரகம், மூன்றாம் ரகம். எக்ஸ்ட்ராவில் பென்சைல் அசிடேட் போன்ற இலேசான பொருள்கள் மிகுதி. பழுத்த வாழைப்பழமும் கொஞ்சம் மருந்து நெடியும் கலந்த, முகத்தில் அடிக்கும் இனிப்பு. மூன்றாம் ரகத்தில் காரியோஃபிலீன், ஜெர்மக்ரீன், பென்சைல் பென்சோயேட் மாதிரி கனமானவை மிகுதி. மரவாடை, மந்தமான பால்சம். அண்டாவில் எது எந்த வரிசையில் வருகிறதோ, கிட்டத்தட்ட அதே வரிசையில்தான் உங்கள் கையிலிருந்தும் அது கிளம்பும். இலாங் இலாங் முழு எண்ணெயாகச் சேர்ந்த ஒரு சென்டைப் போட்டு ஒரு மணி கழித்து ‘பூ எங்கே போச்சு?’ என்று தேட வேண்டாம். பூவின் கனமான பாதி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் டாப், ஹார்ட், பேஸ் (தொடக்கம், நடு, அடி வாசம்) பிரமிடை அதிகம் நம்பாதீர்கள். அது விற்பனைக்கு எழுதிய பட்டியல். ஹெடியோன், ஐசோ ஈ சூப்பர் போன்ற செயற்கை வாசனைப் பொருள்கள் முதல் நிமிடத்திலிருந்தே வேலை செய்து மணிக்கணக்கில் நீளும், எந்த அடுக்கிலும் அடங்காது. அவற்றின் பெயரும் பெட்டியில் இருக்காது.

படி 1: சாம்பிள்

முழுக் குப்பியைக் கண்மூடி வாங்காதீர்கள். 1 அல்லது 2 மி.லி. சாம்பிள் போதும். ஆனால் ஸ்ப்ரே மூடி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு அழுத்தலுக்கு ஏறத்தாழ 0.1 மி.லி. வெளிவரும் என்று வைத்தால், 1 மி.லி. சுமார் பத்து முறைக்கு வரும். குச்சியால் தொட்டுப் பூசும் குப்பியில் அளவு குறைவாக விழும், படலமும் சிறிதாக இருக்கும். அதை வைத்து ‘இந்த சென்ட்டுக்கு வீச்சே இல்லை’ என்று தீர்ப்பு எழுதிவிடக்கூடாது. வந்த சாம்பிளை மாதக்கணக்கில் இழுப்பறையில் போட்டுவைப்பதும் தப்பு. சிறு குப்பிகளின் மூடி வழியாக எத்தனால் மெல்லக் கசியும், உள்ளே இருப்பது கெட்டியாகிக் கணக்கு மாறிவிடும்.

படி 2: உடம்பும் வீடும்

சோதிக்கும் நாளில் வாசனை சோப்பு, டியோடரண்ட், பவுடர் எதுவும் வேண்டாம். மணமில்லாத சோப்பால் முழங்கைவரை கழுவி, துடைத்து, கால் மணி நேரம் விடுங்கள். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைப்பவர்கள் அன்று மட்டும் நிறுத்தலாம். சூடேறிய தேங்காய் எண்ணெய், வனிலா சந்தன வகை சென்ட்களோடு சேர்ந்து பலகார வாசத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். காலையில் வீட்டில் சாம்பிராணி போட்டிருந்தாலோ, கறி தாளித்திருந்தாலோ, அன்று சோதனையைத் தள்ளிப்போடுங்கள். கோயிலிலிருந்து வந்த கையோடும் வேண்டாம். கற்பூரம் மூக்கில் நெடுநேரம் தங்கும்.

வறண்ட தோல்காரர்கள் இரண்டு விதமாகவும் பார்க்க வேண்டும். ஒரு கையில் வெறும் தோல், மறு கையில் மணமில்லாத மாய்ஸ்சுரைசர் அல்லது துளி வாசலின் தடவிய தோல். வித்தியாசம் ஒரு மணிக்கு மேலும் வரக்கூடும்.

படி 3: முதலில் காகிதம்

அட்டைத் துண்டில் ஒரு முறை தெளித்து, பெயரும் நேரமும் எழுதி, பத்துப் பதினைந்து நொடி ஆட்டி எத்தனாலை விரட்டுங்கள். காகிதத்தில் சூடும் கிடையாது, எண்ணெயும் கிடையாது. 32, 34 டிகிரியில் இருக்கும் தோலைவிட அங்கே எல்லாம் மெதுவாக நடக்கும். அதுதான் அதன் பயன்: தோலில் ஓடிவிடும் கட்டங்களைக் காகிதத்தில் நிதானமாகப் பிரித்து அறியலாம். அந்த அட்டையைத் தூக்கிப் போடாமல் மறுநாள் காலை முகருங்கள். அடிவாசம் அப்படியே துலங்கும். மறுநாள் அட்டையே பிடிக்கவில்லை என்றால் தோலில் போட்டுப் பார்க்கத் தேவையில்லை.

படி 4: தோலில் தெளிப்பது

முன்கையின் உட்புறம் நல்ல இடம். மணிக்கட்டு கை கழுவும்போது நனைந்துவிடும். 10 முதல் 15 செ.மீ. தூரத்தில் வைத்து ஒரே ஒரு அழுத்து. ஒரு நாளில் இரண்டு சென்ட்தான், கைக்கு ஒன்று. மூன்றாவதுக்கு ஆசைப்பட்டால் மூன்றும் குழம்பும்.

தேய்க்காதீர்கள். தேய்த்தால் மூலக்கூறு உடையும் என்று சொல்வது கட்டுக்கதை. ஆனால் தேய்ப்பதில் சூடு ஏறி, படலம் பரந்து, இலேசான வாசம் சீக்கிரம் பறக்கும். தொடக்கத்தைத் தவறவிடுவீர்கள்.

படி 5: கடிகாரத்தோடு முகர்வது

ஓரிரு நிமிடம் எத்தனால் போகட்டும். பிறகு 5, 15, 30 நிமிடம், 1, 2, 4, 6, 8 மணி, மறுநாள் காலை. ஒவ்வொரு முறையும் கையை ஒரு சாண் தள்ளிவைத்து முதலில் முகருங்கள், பிறகு கிட்டே. தள்ளி முகரும்போது கிடைப்பதுதான் மற்றவர்களுக்குக் கிடைக்கும் வாசம். இரண்டு மூன்று குட்டி மூச்சு போதும். கையிலேயே மூக்கை வைத்துக்கொண்டிருந்தால் மூக்கு மரத்துப்போகும். இடையில் மூக்கைத் தேற்றக் கடைகளில் காப்பிக்கொட்டை வைத்திருப்பார்கள். அதற்குத் தனி மகிமை ஒன்றும் இல்லை. வெளிக்காற்று போதும், அல்லது சென்ட் படாத உங்கள் மேல்கையை முகருங்கள்.

குறிப்பை ஒரு வரியில் எழுதுங்கள். ‘நல்லா இருக்கு’ உதவாது. என்ன பொருள், எவ்வளவு தூரத்தில், ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை எழுத வேண்டும்.

முதல் கால் மணியில் பல நிஷ் சென்ட்கள் வேண்டுமென்றே முரண்டு பிடிக்கும். செர்ஜ் லூட்டன்ஸ் நிறுவனத்தின் ‘த்யூபெரூஸ் க்ரிமினெல்’ நல்ல எடுத்துக்காட்டு. 1999இல் வந்தது, நிலசம்பங்கியை வைத்துச் செய்தது. தெளித்தவுடன் பூ வராது. மூட்டுவலிக்குத் தேய்க்கும் தைலத்தின் நெடிதான் வரும், கூடவே கொஞ்சம் ரப்பர். காரணம் பூவிலேயே இருக்கிறது. நிலசம்பங்கியில் இயல்பாகவே அந்தத் தைல நெடி தரும் மெத்தில் சாலிசிலேட் உண்டு, கலைஞர் அந்த ஓரத்தைப் பெரிதாக்கிக் காட்டியிருக்கிறார். மெல்ல நெடி அடங்கி, கல்யாண மாலையில் இருக்கும் அந்தக் கனத்த பாலேடு மணம் வெளிவரும். ஐந்தாவது நிமிடத்தில் கையைக் கழுவியவர்களுக்கு இது தெரியப்போவதே இல்லை.

மல்லிகை வகைகளில் கவனிக்க வேண்டியது இந்தோல். தனியாக முகர்ந்தால் பாச்சை உருண்டை மாதிரி, கொஞ்சம் அழுகல் வாடையோடு இருக்கும். பூவோடு கலந்து சிறிதளவில் இருந்தால் மல்லிகைக்கு உயிரே அதுதான். ராத்திரி தலையில் வைத்து விடியலில் பழுப்பேறிய சரத்தை முகர்ந்திருந்தால் இதை உடனே அடையாளம் காண்பீர்கள். வெயிலில் இது தூக்கலாகத் தெரியும். மேட்டு நகரமான கியூர்பிப்பின் குளிரில் சாதுவாக இருந்த மல்லிகை சென்ட் போர்ட் லூயி பஸ்ஸில் பக்கத்து ஆளை நெளியவைக்கலாம்.

அரை மணியிலிருந்து இரண்டு மணிவரை நடுவாசம். ஜெரேனியம் இருந்தால் இந்த மாற்றம் தெளிவாகத் தெரியும். ரீயூனியன் மேட்டுநிலத்தில் விளையும் ‘போர்போன்’ ஜெரேனியத்தில் சிட்ரோனெல்லால், ஜெரனியால் என்ற ரோஜாப் பொருள்களோடு ஐசோமென்தோன் என்ற புதினாச் சாயலும் இருக்கிறது. புதினா முதலில் விலகும், ரோஜா தங்கும். ‘ரோஜா சென்ட் என்று வாங்கினேன், இலையைக் கசக்கினது மாதிரி இருக்கிறதே’ என்று தோன்றினால் இன்னும் அரை மணி பொறுங்கள்.

குந்துருக்கம் (ஃபிராங்கின்சென்ஸ் பிசின்) சார்ந்தவற்றில் வேறு கதை. கொம் தெ கார்சோன் நிறுவனத்தின் ‘அவிஞோன்’ (2002) போன்றவை முதலில் எலுமிச்சையும் மிளகும் சேர்ந்த பிசின் சில்லிப்பைக் காட்டி, பிறகு புகைக்கு இறங்கும். வீட்டில் போடும் சாம்பிராணியின் வனிலா இனிப்பை இதில் எதிர்பார்க்காதீர்கள். பிசின் வேறு, மரம் வேறு. மாதா கோயில் வாசம்தான் இது.

நான்காவது மணிக்குப் பிறகு அடிவாசம். இதில்தான் அவசரப்படாமல் இருக்க வேண்டும். வெட்டிவேர் என்றால் நமக்குக் குடிநீர்ப் பானையும் ஈரத் தட்டியும் நினைவுக்கு வரும். எண்ணெயில் அதோடு மண், புகை, பச்சை வேர்க்கடலைத் தோல், சில சமயம் திராட்சைப்பழத் தோலின் கசப்பும் இருக்கும். ஜாவா வெட்டிவேரில் புகை அதிகம். ஹெய்ட்டிச் சரக்கு சுத்தமாக இருக்கும். தோலில் எட்டு மணி, அட்டையில் நாள்கணக்கில் நிற்கும். வெயில் காலத்துக்கு எதை எடுப்பது என்று கேட்டால் தயங்காமல் வெட்டிவேரைச் சொல்லலாம். ஆறாவது மணியிலும் உலர்ந்தே இருக்கும். அடர்ந்த ஆம்பர், வனிலா வகைகள் ஈரக்காற்றில் ஒட்டிக்கொள்ளும்.

அகில் கட்டை எண்ணெயில் முதல் அரை மணி தொழுவ வாடை வருவது இயல்பு, பிறகுதான் கட்டை இனிக்கும். ஆனால் தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே மாதிரி, கூராக, காயத்தில் ஒட்டும் பிளாஸ்டர் மாதிரி இருந்தால் அது செயற்கை அகில் கலவை. கெட்டது என்று அர்த்தமில்லை, எக்ஸ்ட்ரா காசு கொடுக்கத் தேவையில்லை, அவ்வளவுதான்.

படி 6: மறுசோதனை

ஒரே சாம்பிளை இரண்டு சூழலில் பாருங்கள். இந்தத் தீவில் இது சுலபம். போர்ட் லூயியில் கோடை மதியம் 30 டிகிரிக்கு மேல் இருக்கும். சுமார் 550 மீட்டர் உயரத்தில் இருக்கும் கியூர்பிப்பில் ஜூலைப் பகல் 20 டிகிரி பக்கம்தான். அங்கே அரை மணி நின்ற பெர்கமோட் இங்கே பாதி நேரம்கூட நிற்காது. குளிரில் அமுங்கிக் கிடந்த வனிலா இங்கே முன்னால் வந்து நிற்கும். தினமும் மேட்டிலிருந்து நகரத்துக்கு வேலைக்கு இறங்குபவர்கள், ஏசி அலுவலகம், வெளி வெயில் இரண்டிலும் சோதித்துவிட்டு முடிவெடுங்கள். கோடையில் சட்டைக்குள் ஒரு அழுத்து, மிஞ்சினால் இரண்டு. குளிர்காலத்தில் மூன்று, நான்கு தாங்கும். காவடி நாளில் சென்டே வேண்டாம் என்பது எங்கள் கட்சி. மஞ்சள், சந்தனம், பூ, கற்பூரம், வியர்வை எல்லாவற்றோடும் மோதி எந்த சென்ட்டும் ஜெயிக்காது.

கெட்டுப்போவது எங்கே, ஏன்?

ஒரு மணியில் வாசமே இல்லை. உடனே சரக்கைப் பழிக்காதீர்கள். ஐசோ ஈ சூப்பர், ஆம்ப்ராக்சன், சில மஸ்க்குகள் மூக்கைச் சீக்கிரம் மரக்கச்செய்யும். சிலருக்குச் சில மஸ்க்குகள் பிறவியிலேயே தெரியாது. ‘மாலிக்யூல் 01’ (2006) என்ற சென்ட் முழுக்க ஐசோ ஈ சூப்பர்தான். போட்டவருக்கு வந்து வந்து மறையும், எதிரே இருப்பவருக்குத் தெளிவாகத் தெரியும். அறைக்குள் புதிதாக நுழைபவரிடம் கேளுங்கள். அவருக்கும் தெரியவில்லை என்றால் வறண்ட தோலா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் அது வெறும் கொலோன் வகை.

புளிப்பேறுகிறது. தோலின் பி.ஹெச். சரியில்லை என்று கடைக்காரர் சொல்வார். நூற்றுக்குத் தொண்ணூறு, பழைய வியர்வையும் டியோடரண்டும்தான் காரணம். குளித்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள்.

தொடக்கமே டர்பன்டைன் மாதிரி. குப்பி பழசு, அல்லது வெயிலில் கிடந்தது. லிமோனீன் காற்றுபட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் இப்படித்தான் இருக்கும். இருபது நிமிடம் கழித்து நடுவாசம் சரியாக வந்தால் குப்பியை இன்னும் பயன்படுத்தலாம், தோலில் அரிப்பு வராதவரை.

இணையத்தில் படித்த மாதிரி இல்லை. விமர்சனத்தின் தேதியைப் பாருங்கள். ஓக்மாஸ் பாசியில் இருக்கும் அட்ரனால், குளோரோஅட்ரனால் இரண்டையும், லிரால் என்ற செயற்கை வாசனைப் பொருளையும் ஐரோப்பிய ஒன்றியம் தடைசெய்தது. 2019 ஆகஸ்ட்டிலிருந்து புதுச் சரக்கில் கூடாது, 2021 ஆகஸ்ட்டிலிருந்து கடையிலேயே இருக்கக்கூடாது. பல பழைய சென்ட்களின் அடிப்பாகம் அப்போது மாறியது.

கழுத்தில் பழுப்புத் தழும்பு. இது விளையாட்டில்லை. பிழிந்தெடுத்த பெர்கமோட் எண்ணெயிலும் லைம் எண்ணெயிலும் பெர்காப்டன் என்ற பொருள் இருக்கிறது. அது தோலில் இருக்கும்போது கடும் வெயில் பட்டால் தீக்காயம் மாதிரி ஆகி, தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். அதனால்தான் சர்வதேச வாசனைப் பொருள் சங்கமான இஃப்ரா, வெயில் படும் தோலில் தங்கும் பொருள்களில் பெர்கமோட் எண்ணெயை 0.4 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்தியிருக்கிறது. பெரிய நிறுவனங்கள் பெர்காப்டன் நீக்கிய எண்ணெயைப் பயன்படுத்துகின்றன. ‘நூறு சதவீதம் இயற்கை’ என்று வீட்டில் கலந்து விற்பவர்களிடம் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், கடற்கரைக்குப் போகும் நாளில் அதைத் தொடாதீர்கள்.

துணியில் கறை. வனிலினும் இந்தோலும் நாள்பட நிறம் மாறிப் பழுப்பாகும். வனிலா மிகுந்த சென்ட்டின் திரவமே தேன் நிறத்துக்கு இருண்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். வெள்ளை வேட்டியிலும் பட்டுப் புடவையிலும் நேராகத் தெளித்தால், அலமாரியில் மடித்துவைத்து மூன்று மாதம் கழித்து எடுக்கும்போது மஞ்சள் வட்டம் காத்திருக்கும். தோலில் தெளித்து, காய்ந்த பிறகு துணி கட்டுங்கள்.

வாங்கும் அளவும் வைக்கும் இடமும்

கடிகாரச் சோதனை முடிந்தபின், மிச்சச் சாம்பிளை இரண்டு முழு நாள் சாதாரணமாகப் போட்டுக்கொண்டு திரியுங்கள். இந்த முறை குறிப்பு எழுத வேண்டாம். சாயங்காலம் தற்செயலாகக் கையை முகரும்போது முகம் சுளிக்கிறதா என்பது ஒன்றே கேள்வி. சுளிக்கவில்லை என்றால் 10 மி.லி. பயணக் குப்பி இருக்கிறதா என்று பாருங்கள். நாளுக்கு இரண்டு அழுத்து என்றால் அது ஐம்பது நாள் வரும், ஒரு பருவம் தெரிந்துவிடும். 100 மி.லி. குப்பியை மூன்று நான்கு சென்ட் வைத்திருப்பவர்கள் முடிப்பதற்குள் வருடங்கள் ஓடும்.

குளியலறை அலமாரி, ஜன்னல் ஓரம், கார் டேஷ்போர்டு மூன்றும் விலக்கு. படுக்கையறை அலமாரியில், பெட்டியோடு, நிமிர்த்தி வையுங்கள். கடலோர வீடுகளில் கோடையில் அலமாரியே சுடும் என்றால் ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் வைக்கலாம். குளிரில் சில பொருள்கள் கலங்கி அடியில் படியக்கூடும். வெளியே எடுத்து அறை வெப்பத்துக்கு வந்ததும் தெளிந்துவிடும், குலுக்க வேண்டாம்.